பறவைகளுக்காக வயலில் நீர் தேக்க எந்த மோட்டார் பொருந்தும்: பாகூர்ப் பகுதியில் பார்த்தவற்றின் மதிப்பீடு

சம்பா அறுவடை முடிந்த தாழ்வான வயலின் வரப்பை உயர்த்தி, மடையை அடைத்து, சாண் ஆழத்துக்கும் குறைவாக நீரைத் தேக்கி வைத்தால், புதுச்சேரி வட்டாரத்தின் ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் பகலைக் கழிக்கும் நீர்ப்பறவைகள் இரை தேடி அங்கே வந்து இறங்குகின்றன. சிந்திய நெல்மணி, அறுத்த நெல் தாளின் அடியில் பெருகும் புழுக்கள், நத்தை, களைவிதை ஆகியவை நீரில் ஊறிக் கிடக்கும்போது புள்ளி மூக்கு வாத்தும் நீலச்சிறகியும் அவற்றை எளிதில் எடுத்துக்கொள்கின்றன. பாகூருக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் இவ்வாறு ஓரிரு ஏக்கரை ஒதுக்கி நீர் கட்ட விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது எந்த மோட்டார் வாங்கலாம் என்பதைத்தான். இதற்காக நான் பயன்படுத்திய மோட்டார் வகைகளையும், அக்கம்பக்கத்து வயல்களில் ஓடக் கண்டவற்றையும் இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. தவறான வகையை வாங்கியவருக்கு எந்த நிறுவனத்தின் பெயரும் உதவாது என்பதால், வகையைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய நீர்த்தேக்க வயல்களில் பல வாத்து வேட்டைக்காகவே அமைக்கப்படுகின்றன. அதற்கான மோட்டார்களைப் பற்றிய குறிப்புகளும் அந்நாட்டு நிலவரத்தை ஒட்டியே எழுதப்படுகின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். நாம் நீர் கட்டுவது அவை இரை எடுக்கவும், நாம் தொலைவில் நின்று பார்க்கவும், வயலில் தாள் மக்கவும்தான். கலிஃபோர்னியாவில் நெல் தாளை எரிப்பதற்கு 1991இல் சட்டம் கட்டுப்பாடு விதித்த பிறகு, உழவர்கள் குளிர்காலத்தில் வயலில் நீர் தேக்கித் தாளை மக்கவைக்கும் முறையைப் பரவலாக மேற்கொண்டனர். அந்த நீரில் பறவைகள் திரளாக இறங்கின. ஜப்பானின் மியாகி மாவட்டத்தில் கபுகுரி சதுப்பு நிலமும் அதைச் சுற்றியுள்ள நெல் வயல்களும் சேர்த்தே 2005இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நெல் வயலும் நீர்ப்பறவையின் வாழிடம்தான் என்பதற்கு இவை போதிய சான்று.

மோட்டாரைத் தேர்வதற்கு முன் எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். பெரும்பாலானோர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்று, குதிரைத்திறனிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 15 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டுமென்றால் ஆறு லட்சம் லிட்டர் தேவைப்படும். தலையை நீருக்குள் விட்டு மேயும் வாத்துகளுக்கு 10 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் பொருத்தமானது. பொரி உள்ளானும் விசிறிவால் உள்ளானும் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைந்த நீரிலும் ஈரச் சேற்றிலும்தான் மேயும். நெடுங்கால் உள்ளானுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழம் போதும். ஆகவே முழங்கால் ஆழத்துக்கு நீர் கட்டுவதால் பறவைகள் கூடுவதில்லை, குறையவே செய்யும். இயல்பாகவே ஒரு பக்கம் சற்றுச் சரிந்த வயல் இதற்கு மிக நல்லது. ஒரு மூலையில் 20 சென்டிமீட்டரும் எதிர் மூலையில் வெறும் சேறுமாக இருந்தால் எல்லா வகைப் பறவைகளுக்கும் இடம் கிடைக்கும்.

வயலை ஒரு முறை நிரப்புவதை விட, நிரப்பிய நீரைக் காத்து நிறுத்துவதுதான் மோட்டாரின் அளவைத் தீர்மானிக்கிறது. நன்றாகத் தொழி அடித்துப் பழகிய களிமண் வயலில், தை, மாசி மாதங்களில் ஆவியாவதும் கீழே இறங்குவதும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீர் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு அது 40,000 லிட்டர். கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலமானால் இழப்பு இதைப் போல் மூன்று மடங்காகவும் ஆகலாம், அத்தகைய நிலத்தில் நீர் தேக்குவதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். தன் வயலின் இழப்பை அறிய விரும்புபவர் அளவு குறித்த ஒரு குச்சியை நட்டு, பொழுது சாயும் நேரத்திலும் மறுநாள் விடியலிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரவில் ஆவியாவது மிகக் குறைவாதலால், இரவில் குறைந்த அளவு பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கியதாகவே இருக்கும். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் மோட்டார் கடைக்குப் போகக் கூடாது.

பருவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்றால் பொழிகிறது. பயிரிடாமல் ஒதுக்கிய பள்ள வயலாக இருந்தால் அந்த மழையே அதை நிரப்பிவிடும், மோட்டாருக்கு மிஞ்சுவது தையிலிருந்து பங்குனி வரை குறைவதை ஈடு செய்யும் வேலை மட்டுமே. சம்பா அறுத்த வயலில்தான் முதல் நிரப்புதலையும் மோட்டார் செய்ய வேண்டியிருக்கும். அந்த முதல் நிரப்புதலை இரண்டு மூன்று நாட்களுக்குப் பரப்பிச் செய்தால் எந்தப் பறவையும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மெதுவாக ஏறும் நீரில் புழுக்கள் மேலே வர, உள்ளான்கள் நீரின் விளிம்பை ஒட்டியே மேய்வதைக் கண்டிருக்கிறேன். எனவே, ஒரே நாளில் வயலை நிரப்பிவிடும் பெரிய மோட்டாரைத் தேடுவது தேவையற்ற செலவு.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்தான் நம் பகுதியில் எங்கும் காணப்படுவது, விவசாயி ஒருவரிடம் ஏற்கெனவே இருப்பதும் பெரும்பாலும் அதுதான். இந்த வேலைக்கு அது மிகவும் பொருந்தாத கருவி என்பது என் முடிவு. அதன் குறை தயாரிப்பிலுள்ள குறையன்று. ஆழத்திலிருந்து கொஞ்சம் நீரை உயரத் தூக்குவதற்காக அது படைக்கப்பட்டது, பறவை வயலுக்கோ ஆழமற்ற இடத்திலிருந்து நிறைய நீர் வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் 60 மீட்டர் ஹெட்டில் (நீரைத் தூக்கும் உயரமும் குழாயின் உராய்வுக்கு ஈடான உயரமும் சேர்ந்தது ஹெட்) மணிக்கு ஏறத்தாழ 13,000 அல்லது 14,000 லிட்டர் தரும். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரை 15 சென்டிமீட்டருக்கு நிரப்ப 45 மணி நேரமும், ஏறக்குறைய 200 யூனிட் மின்சாரமும் ஆகும். அதே நீரை 20 மீட்டர் ஹெட்டில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு நேரமும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமும் போதும். தேவைப்படும் ஆற்றல் உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதால், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதிக ஹெட் எழுதியிருக்கும் மோட்டாரே அதிகம் நீர் தரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. ஸ்டேஜ்கள் (நீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்களின் அடுக்குகள்) பல அடுக்கிய மோட்டாரை, அதன் தகட்டில் குறித்துள்ள ஹெட் எல்லைக்கு மிகவும் கீழே ஓடவிட்டால், அது கொஞ்சம் கூடுதல் நீர் தருவது உண்மை. ஆனால் மின்னோட்டம் ஏறி மோட்டார் சூடாகும், இம்பெல்லர்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டுத் தேய்மானம் கூடும், செயல்திறனும் விழும். சித்திரை மாதத்து நீர்மட்டத்தைக் கருதி வாங்கிய போர்வெல் மோட்டார், தை மாதத்தில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது இந்த நிலையில்தான் ஓடுகிறது. ஏற்கெனவே இருக்கும் போர்வெல் மோட்டாரைக் கொண்டுதான் நீர் கட்டியாக வேண்டும் என்றால், ஸ்டார்ட்டரிலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பார்த்து, தகட்டில் எழுதிய அளவைத் தாண்டாதவாறு கேட் வால்வைச் சற்று மூடி ஓட்டுவதே பாதுகாப்பானது. இதற்கென்றே புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்ட வேண்டாம். புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி அதற்கு அனுமதி பெற வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, கடலோர நிலத்தடி நீரைப் பறவைக்காக ஆழத்திலிருந்து உறிஞ்சுவது அப்பறவைகள் நம்பியிருக்கும் ஏரிகளுக்கும் நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து.

நான் மனநிறைவோடு பரிந்துரைப்பது கிணற்றுக்குள் கிடைமட்டமாக இறக்கி வைக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டார். பழைய திறந்த கிணறோ, வயல் மூலையில் வெட்டிய பண்ணைக்குட்டையோ இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மூன்று குதிரைத்திறன் மோட்டார், மொத்த ஹெட் பத்து மீட்டர் அளவில் இருக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் தருகிறது. அதாவது ஓர் ஏக்கரின் ஒரு நாள் இழப்பை ஒரு மணி நேரத்தில் ஈடு செய்துவிடும். சம்பா அறுத்த வயலின் முதல் நிரப்புதலுக்கும் 15 மணி நேரமே ஆகும், அதை மும்முனை மின்சாரம் வரும் நேரங்களில் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு ஒழுகுவது, காலையில் நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது போன்ற தொல்லைகள் இதில் கிடையா. நீருக்கடியில் ஓடுவதால் ஓசையும் வெளியே வராது. நீர்ப்பறவைகள் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்க, மோட்டார் ஓடுவது தெரியாமலே வயலில் நீர் ஏறுவது இந்த வகையில்தான் சாத்தியம். எனக்கு இது மிகப் பெரிய தகுதியாகத் தோன்றுகிறது.

இதற்கும் பராமரிப்பு வேண்டும். பெரும்பாலானவை உள்ளே நீர் நிரப்பிக் குளிர்விக்கும் அமைப்புடையவை. முதல்முறை இறக்குவதற்கு முன் மோட்டார் அறையில் சுத்தமான நீரை முழுதும் நிரப்பிக் காற்றை வெளியேற்றியாக வேண்டும். கிணற்று நீர் வற்றி மோட்டார் வெளியே தெரியும் நிலையில் ஓடினால் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும், ஆகவே நீரில்லாதபோது தானே நிறுத்தும் கருவியை ஸ்டார்ட்டரோடு சேர்த்தே வாங்க வேண்டும். உறிஞ்சும் வாயில் மெல்லிய கண்ணுடைய வலைக்கூடு கட்டுவது இரண்டு வகையில் பயன்படும்: தாளும் பாசியும் இம்பெல்லரில் சிக்காது, மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் அரைபடாது.

மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த, கரையில் வைக்கும் மோனோபிளாக் மோட்டாரும் இதே அளவு நீரைத் தரும், விலையும் சற்றுக் குறையும், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் அது உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டரைத் தாண்டாது. மேலும், பறவைக்காக ஒதுக்குவது எப்போதும் ஊரிலேயே தாழ்ந்த நிலமாக இருக்கும், அங்கே கரையில் வைத்த மோட்டார் வெள்ளத்தில் மூழ்கும் வாய்ப்பு மிகுதி. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நம் பகுதிக்கு என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மோனோபிளாக் வாங்குபவர் அதைப் பீடத்தின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும், உயர்த்தும் ஒவ்வோர் அடியும் உறிஞ்சும் ஆழத்தில் கழிந்துபோகும். எந்த வகை மோட்டாரானாலும் ஸ்டார்ட்டர் பெட்டி ஆளுயரத்துக்கு மேல் இருக்கட்டும்.

மோட்டாரை விடக் குழாயைப் பற்றித்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் கடையில் இதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. நொடிக்கு 11 லிட்டர் நீரை நூறு மீட்டர் தூரம் கொண்டு செல்லும்போது, 63 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் உராய்வால் மட்டும் ஏறக்குறைய 26 மீட்டர் ஹெட் வீணாகிறது. அதே நீர் 90 மில்லிமீட்டர் குழாயில் சென்றால் வீணாவது நான்கு மீட்டர்தான், 110 மில்லிமீட்டரில் ஒன்றரை மீட்டர் அளவே. கிணற்றில் ஐந்து மீட்டர் கீழே நீர் நிற்க, மெல்லிய குழாயால் முப்பது மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமமான சுமையை மோட்டாரின் மேல் ஏற்றுவது எவ்வளவு பெரிய வீண் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று குதிரைத்திறன் போதிய இடத்தில் ஐந்தும் ஏழரையும் வாங்கியவர்களின் வயல்களில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்தது. தமிழகப் பகுதியில் வேளாண் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் இந்த வீண் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவானது, வீணாகும் ஹெட் அந்த நேரத்தைத்தான் தின்கிறது. கையில் இருக்கும் பணம் அளவானதாக இருந்தால் சிறிய மோட்டாரும் பெரிய குழாயும் வாங்குங்கள். தொண்ணூறு பாகை முழங்கைகளைக் குறைத்து, நீண்ட வளைவுகளைப் பயன்படுத்துவதும் இதனோடு சேர்ந்தது. குழாயின் வாய் வரப்பின் மேல் நேராகக் கொட்டாதவாறு, கருங்கல் சல்லி பரப்பிய சிறு தொட்டியில் விழச் செய்தால் வரப்பு அரிக்காது, வயலில் நீரும் கலங்காது.

ஆயில் எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின் இணைப்பு இல்லாத இடத்தில், முதல் நிரப்புதலுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் டீசல் குடிக்கும் என்பதால், மூன்று மாதங்கள் அன்றாடம் ஓட்டுவது கட்டுப்படியாகாது. அதன் ஓசையில் சீழ்க்கைச் சிறகிகள் எழுந்து போய்விடுகின்றன, புகையும் சிந்தும் எண்ணெயும் நீருக்குக் கேடு. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பறவைகள் குறைவாக இருக்கும் உச்சிவேளையில் ஓட்டலாம்.

வாய்க்காலிலிருந்தோ ஏரியிலிருந்தோ ஓரிரு மீட்டர் மட்டுமே தூக்க வேண்டிய இடத்துக்கு ஆக்சியல் ஃப்ளோ பம்ப் என்னும் விசிறி வகைப் பம்புதான் கணக்குப்படி மிகச் சிறந்தது. கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களிலிருந்து நீரை வெளியேற்றப் பல தலைமுறைகளாக ஓடும் 'பெட்டியும் பறையும்' என்னும் இறைப்பு அமைப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மூன்று மீட்டர் ஹெட்டில் ஐந்து குதிரைத்திறனில் நொடிக்கு 70 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடியது, ஓர் ஏக்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரப்பிவிடும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் மின்சாரமே செலவாகும். இதை வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. மற்ற பம்புகளைப் போல வால்வை மூடி இதை ஓடவிடக் கூடாது, மூடினால் மின்சுமை ஏறி மோட்டார் கெட்டுவிடும்.

இவ்வளவு தகுதி இருந்தும் நம் பகுதியில் இதை நான் பொதுவாகப் பரிந்துரைக்காததற்குக் காரணம் நீரின் உரிமை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வரும் நீர் ஆயக்கட்டு விவசாயிகளுடையது. கடைமடையில் ஒருவருக்கு நவரைப் பயிருக்கு நீர் போதாமல் இருக்கும்போது மேல்மடையில் பறவைக்காக எடுப்பது நியாயமாகாது, பொதுப்பணித்துறையின் அனுமதியின்றி வாய்க்காலில் பம்ப் இறக்குவது முறையுமாகாது. வீணே கடலுக்குப் போகும் வடிகால் நீர் கிடைக்கும் இடங்களில், ஊராரின் சம்மதத்தோடு இதைப் பயன்படுத்தலாம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீர் பெருமாள் ஏரியை வந்தடைகிறது. அப்பகுதி வயல்களில் இத்தகைய பம்புக்கு வாய்ப்பு மிகுதி என்று நினைக்கிறேன்.

சூரியசக்தி மோட்டாரைப் பற்றி எனக்கு உயர்ந்த மதிப்பு உண்டு. பறவை வயலின் தேவை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்ப்பது. தையிலும் மாசியிலும் வானம் தெளிந்திருக்கும். வெயில் கடுமையாக அடித்து அதிகம் ஆவியாகும் நாளில்தான் மோட்டாரும் அதிகம் இறைக்கும். ஆளில்லாமலே காலையில் தொடங்கி மாலையில் தானே நிற்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு 4.8 கிலோவாட் அளவு சூரியத் தகடுகள் வைக்கிறார்கள். சிறு வயலுக்கு இரண்டு குதிரைத்திறனே தாராளம். விலைதான் தடை. 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின் கீழ் தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 விழுக்காடு மானியமும், ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு 70 விழுக்காடும் வழங்கியிருக்கிறார்கள். மானியம் பாசனத்துக்காகத் தரப்படுவது என்பதால், ஆண்டின் மற்ற மாதங்களில் பயிருக்குப் பயன்படும் நிலத்தில் அமைப்பதே பொருத்தம். தகடுகளை நீருக்கு நடுவே நிறுத்தினால் கொக்கும் நீர்க்காகமும் அதன் மேலேயே அமர்ந்து எச்சமிடும், மின் உற்பத்தி சட்டென்று குறையும். வரப்புக்கு வெளியே, மரநிழல் படாத மேட்டில் வைத்து வாரம் ஒருமுறை கழுவுவது நல்லது.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு செய்திகள். வேளாண் இணைப்பு பயிர்ச் சாகுபடிக்கென்று தரப்பட்டது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் தாள் மக்க நீர் கட்டுவது சாகுபடியின் பகுதி என்று கொள்ள இடமிருக்கிறது, ஆண்டு முழுவதும் குளமாக வைத்திருப்பது வேறு, எனவே தொடங்கும் முன் மின்சாரப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இரண்டாவது, நீர் தேங்கிய வயலில் மனிதர்கள் இறங்கி நடப்பார்கள். நில இணைப்பு சரியாக இருக்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி கட்டாயம் வேண்டும், கேபிளில் எங்கும் நாடா சுற்றிய ஒட்டு இருக்கக் கூடாது. இவற்றில் விட்டுக்கொடுக்கும் எந்தக் கடைக்காரரிடமும் மோட்டார் வாங்காதீர்கள்.

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் மோட்டார் வாங்கும் முன் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். உவர்நீரை மூன்று மாதங்கள் வயலில் நிறுத்தி, ஆவியானதை மேலும் உவர்நீரால் ஈடு செய்துகொண்டே இருந்தால், நீர் மட்டும் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு மூன்று டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். சோதனையில் நீர் உவர்ப்பு என்று தெரிந்தால், மழைநீர் நிற்கும் வரை மட்டும் வயலைப் பறவைகளுக்கு விட்டுவிட்டு, அதன்பின் மோட்டாரால் தொடராமல் இருப்பதே சரி.

கடையில் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் கோயம்புத்தூர்த் தயாரிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். ஓப்பன்வெல் மோட்டாருக்கு ஐஎஸ் 14220, போர்வெல் மோட்டாருக்கு ஐஎஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079 என்ற எண் தகட்டில் இருக்கும். நட்சத்திரக் குறியீடும் பார்க்கத் தக்கதே. ஆனால் அந்த நட்சத்திரங்கள் தகட்டில் குறித்த ஹெட்டில் அளந்து தரப்பட்டவை, நம் வயலின் ஹெட் அதிலிருந்து விலகினால் ஐந்து நட்சத்திர மோட்டாரும் சாதாரண மோட்டாரைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே கடைக்காரரிடம் குதிரைத்திறனைச் சொல்லிக் கேட்காமல், "மொத்த ஹெட் பத்து மீட்டர், நொடிக்குப் பத்து லிட்டர் வேண்டும், எது பொருந்தும்?" என்று கேட்டு, நிறுவனத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அட்டவணையைக் காட்டத் தயங்கி, "இதுதான் சார் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க" என்று மட்டும் சொல்லும் கடையைக் கடந்து அடுத்த கடைக்குப் போகலாம். நான் வாங்கிய கடையில் இருந்த முதியவர் அட்டவணையை விரித்து வைத்து, என் கிணற்றின் ஆழத்தையும் குழாயின் நீளத்தையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே பெட்டியைப் பிரித்தார். அந்த அக்கறைக்காகவே இன்னும் அங்கேதான் போகிறேன்.

மோட்டார் இறக்கிய அன்றே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து அளந்து பாருங்கள். நொடிக்கு 11 லிட்டர் என்றால் 18 நொடியில் நிரம்ப வேண்டும், அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் குழாயிலோ ஹெட் கணக்கிலோ எங்கோ பிழை இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வரை பிட்டர் கையெழுத்துக் கேட்கும் தாளில் கையெழுத்திட வேண்டாம். உத்தரவாத அட்டையில் தேதியும் மோட்டாரின் வரிசை எண்ணும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. மழை தொடங்கிவிட்டால் பள்ள வயலுக்கு வண்டி போகாது, பிட்டர்களும் வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்களைத் தூக்கும் வேலையில் இருப்பார்கள். பங்குனியில் நீரை ஒரேயடியாக வடிக்காமல், மோட்டாரை நிறுத்திவிட்டு நாளுக்கு ஒரு சென்டிமீட்டராகத் தானே இறங்கவிட்டால், ஊருக்குத் திரும்பும் உள்ளான்களுக்கு அந்தச் சேறு கடைசி வரை இரை தரும். நீர் இறங்கிய பிறகு ஓப்பன்வெல் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி, வலைக்கூட்டைக் கழுவி, கேபிளின் உறையில் எலிக்கடி இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பயிருக்கு இறக்கிக்கொள்ளலாம்.